பயனில் கொலையும் பக்கத்து நிலமும்

 

அறவாழி ஏந்திய அருகப் பெருமானின் திருவடிகளை மனம், மொழி, மெய்களால் வணங்கி, நம் ஊர்ப்புறக் குடும்பங்கள் சிலவற்றை வாட்டிவரும் ஒரு செய்தியைப் பற்றி இவ்விதழில் சிந்திக்க விழைகின்றோம். வந்தவாசி, செய்யாறு, ஆரணி, போளூர், செஞ்சி, திண்டிவனம் ஆகிய வட்டாரங்களில் நம்மவர் பலர் இன்றும் நிலத்தை நம்பியே வாழ்கின்றனர். அந்நிலங்களுக்கு அருகே நகரத்தார் நிலம் வாங்கி, வேலி கட்டி, தோட்ட வீடு எழுப்புவது இப்போது பெருகிவருகிறது. அதில் தவறு ஒன்றும் இல்லை. ஆனால் விடுமுறை நாட்களில் நண்பர்களுடன் வந்து, பொழுதுபோக்கிற்காகத் துப்பாக்கி எடுத்து, மரத்தில் இருக்கும் புறாவையும் வரப்பில் மேயும் கொக்கையும் சுட்டு மகிழ்வோர் சிலரும் அவர்களிடையே உள்ளனர். அவ்வொலி கேட்கும் நம் இல்லங்களில் மனம் பதறுகிறது. பதறிய மனம் பகையாகிறது. பகை வழக்காகிறது.

இதில் சிராவகன் செய்யத்தக்கது யாது, தகாதது யாது என்பதே நம் வினா.

நடந்த செய்தி

ஊரின் பெயரும் குடும்பத்தின் பெயரும் வேண்டா. நம்மிடம் ஆலோசனை கேட்டு வந்த ஒரு நயினார் குடும்பத்தில் நடந்ததை மட்டும் சொல்கிறோம்.

அன்று சதுர்தசி. வீட்டு மூதாட்டியார் உபவாசம் இருந்து, முற்றத்தில் அமர்ந்து பஞ்ச நமஸ்கார மந்திரத்தைச் செபித்துக்கொண்டிருந்தார். பக்கத்துத் தோட்டத்தில் வெடியோசை கேட்டது. சற்று நேரத்தில் மணிப்புறா ஒன்று தத்தித் தத்திப் பறந்து வந்து அவர் எதிரே விழுந்தது. மார்பில் ஈய ரவை பாய்ந்திருந்தது. அவர் நீர் தெளித்தார். மந்திரத்தை அதன் செவியருகே சொன்னார். அது அவர் கையிலேயே உயிர் நீத்தது.

மகன் வேலியோரம் ஓடிக் கூவினார். அப்பக்கத்து மனிதர், "என் நிலத்தில் நான் சுடுகிறேன், உங்களுக்கு என்ன?" என்றார். சொல்லுக்குச் சொல் வளர்ந்தது. மறுவாரம் வாய்க்கால் மடை அடைக்கப்பட்டது. அதற்கு மறுவாரம் வேலிக்கல் ஒன்று பிடுங்கப்பட்டது. பேரன் இருவர் தடியெடுத்தனர். "அவன் கை முறியட்டும், அவன் கண் அவியட்டும்" என்று வீட்டில் குழந்தைகளும் சொல்லத் தொடங்கின.

ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில் இரு தரப்பாரும் கூடியபோது அந்தத் தோட்டக்காரர் ஒரு சொல் சொன்னார். "சென்ற ஆடியில் கடலை விதைத்தபோது, விதையைப் பொறுக்கித் தின்னும் பறவைகளைச் சுட்டு விரட்டச் சொல்லி என்னை அழைத்தவர் இவர்தாம். அன்று இனித்த துப்பாக்கி இன்று கசக்கிறதா?"

மகன் தலை குனிந்தார். அது உண்மை.

அன்றிரவு மூதாட்டியார் நம்மிடம் கூறியது இது: "நான் அன்று சோறு உண்ணவில்லை. ஆனால் இந்த இரண்டு மாதமாக வெகுளியை உண்டுகொண்டிருக்கிறேன். எது உபவாசம்?"

அவர் வினாவே இக்கட்டுரைக்குக் காரணம்.

நால்வகை இம்சை

உயிர்க்கொலையை நம் ஆசாரியர்கள் நால்வகையாகப் பிரித்துக் காட்டினர். சமைத்தல், பெருக்குதல், வீடு கட்டுதல் முதலிய இல்லறச் செயல்களில் நேர்வது ஆரம்ப இம்சை. உழவு, வாணிகம் முதலிய தொழில்களில் நேர்வது உத்யோக இம்சை. தன்னையும் தன்னைச் சார்ந்தோரையும் காக்கும்போது நேர்வது விரோத இம்சை. இம்மூன்றையும் இல்லறத்தான் முற்றிலும் விலக்க இயலாது, குறைத்துக்கொள்ள வேண்டும். நான்காவது சங்கல்ப இம்சை. இவ்வுயிரைக் கொல்வேன் என்று கருதிக் கொல்வது. இதனை விட்டவனே சிராவகன் என்னும் பெயருக்கு உரியவன்.

ஏர் ஓட்டும் உழவனின் கொழுமுனையில் புழு மடிகிறது. அவன் நாடியது நெல்லை. புழுவின் சாவை அன்று. பொழுதுபோக்கிற்குச் சுடுகிறவன் நாடுவது எதனை? அவனுக்கு உணவு வேண்டுவதில்லை. பெரும்பாலும் விழுந்த பறவையை எடுப்பதுகூட இல்லை. விழுந்தது என்பதே அவனுக்கு வேண்டியது. குறி தப்பினால் வருந்துகிறான், தைத்தால் களிக்கிறான். சங்கல்ப இம்சைக்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு இல்லை. சூது, ஊன், கள், பரத்தை, வேட்டை, களவு, பிறர்மனை எனும் ஏழு வியசனங்களுள் வேட்டையை முன்னோர் வைத்ததும் இக்காரணம் பற்றியே. வியசனம் என்றால் விட இயலாது பற்றிக்கொள்ளும் தீப்பழக்கம். பசி தீர்ந்தால் உணவு வேட்கை அடங்கும். விளையாட்டு வேட்கைக்கு அடங்கும் எல்லை இல்லை.

ஐவகைப் பயனில் தீமை

அணுவிரதம் ஐந்து, குணவிரதம் மூன்று, சிக்ஷாவிரதம் நான்கு எனச் சிராவக விரதங்கள் பன்னிரண்டு. குணவிரதங்களுள் ஒன்று அனர்த்த தண்ட விரதி. பயன் ஏதும் இன்றிப் பிற உயிரை வருத்துவதிலிருந்து விலகுதல் என்பது இதன் பொருள். சமந்தபத்திர சுவாமிகள் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் இதனை ஐந்து கூறாக விரித்தார். அந்நூலின் வழி நின்று தமிழில் குறள் யாப்பில் எழுந்த அருங்கலச்செப்பு, நம் இல்லங்களில் முதியோர் மனனம் செய்து வந்த நூல். அவ்வைந்து கூறுகளையும் இந்த வேலிச் சண்டையில் வைத்து எண்ணிப் பார்ப்போம்.

முதலாவது பாபோபதேசம், தீவினைக்கு வழி சொல்லுதல். விதைத்த கடலையைக் காக்கப் பறவைகளைச் சுடச் சொல்லி அழைத்தது இதுவே. செய்தல், செய்வித்தல், உடன்படுதல் என்னும் மூன்றும் வினைக்கு வாயில் என்பதை நாம் நாள்தோறும் படிக்கிறோம். ஆயினும் "நாம் சுடவில்லையே" என்று மனத்தைத் தேற்றிக்கொள்கிறோம். விசை இழுத்தது அவர் விரல். அழைத்தது நம் நா.

இரண்டாவது இம்சாதானம், கொலைக்கருவிகளைப் பிறர்க்குக் கொடுத்தல். கத்தி, கோடரி, தீ, நஞ்சு, ஆயுதம் ஆகியவற்றைத் தீங்குக்கு உதவுமாறு அளித்தல் கூடாது என்பது கட்டளை. பேரப்பிள்ளையின் பிறந்த நாளுக்குக் காற்றுத் துப்பாக்கி வாங்கித் தருவோர் நம்மிடையே எவரும் இல்லை என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்ல முடியுமா? குறைந்த விசையுடைய காற்றுத் துப்பாக்கிக்கு உரிமம் தேவையில்லை என்பதால், அதனை விளையாட்டுப் பொருளாகவே பலரும் எண்ணுகின்றனர். சிட்டுக்குருவிக்கு அது விளையாட்டுப் பொருள் அன்று.

மூன்றாவது அபத்தியானம், பகையாலோ பற்றாலோ பிறர்க்குக் கேடு நேர வேண்டும் என்று நினைத்தல். ஒருவன் கொல்லப்பட வேண்டும், கட்டுண்ண வேண்டும், உறுப்பிழக்க வேண்டும் என்று எண்ணுவதே இதில் அடங்கும். "அவன் கை முறியட்டும்" என்ற சொல்லை இங்கே நினைவுகூர்க. இவ்வெண்ணத்தால் தோட்டக்காரரின் கை முறியப்போவதில்லை. அவர் சுடுவது நிற்கப்போவதும் இல்லை. செத்த புறா எழப்போவதும் இல்லை. ஆகவே இதுவும் பயனற்ற தீமையே. புறாவைச் சுட்டவரும் அவரைச் சபித்தவரும் ஒரே விரதத்தின் இரு கூறுகளை மீறியிருக்கின்றனர்.

நான்காவது துச்சுருதி, கொலையையும் காமத்தையும் கிளறும் கதைகளைச் செவியேற்றல். சுட்டுக் களிக்கும் படக்காட்சிகளைக் கண்டு குழந்தைகள் கைதட்டும்போது உடன்படுதல் என்னும் வாயில் திறக்கிறது. ஐந்தாவது பிரமாத சரியை. மண்ணைக் காரணமின்றிக் கிளறுதல், நீரை வீணே கொட்டுதல், செடியை வெறுமனே கிள்ளுதல் முதலிய கவனமின்மை. பகையின்பொருட்டு மடையை அடைத்தலும், வேலிக்கல்லைப் பிடுங்கி எறிதலும் இதில் சேரும் என்றே கருதுகிறோம்.

இவ்விரதத்தின் குற்றங்களுள் மிகுபேச்சும் ஒன்று. வேலியோரம் நின்று இரு வீட்டாரும் மூன்று தலைமுறைக் குறைகளை எடுத்துக் கூவியதை இதற்குமேல் விளக்க வேண்டா.

ஓர் அம்பு விளைத்த வினை

யசோதர காவியம் நம் இல்லங்களுக்குப் புதிதன்று. மாவினால் செய்த கோழியைப் பலியிட்ட யசோதர மன்னனும் அவன் தாய் சந்திரமதியும் பல விலங்குப் பிறவிகளில் உழன்று, இறுதியில் சேவலும் கோழியுமாய்ப் பிறக்கின்றனர். காவலன் ஒருவன் அவற்றை வளர்க்கிறான். இளவேனிற் காலத்தில் சோலையில் முனிவர் ஒருவர் அவனுக்கு அறம் உரைக்க, அருகிருந்த பறவைகள் அதனைக் கேட்டுத் தம் பழம்பிறப்பை உணர்ந்து, விரதம் ஏற்று, மகிழ்ச்சியால் கூவுகின்றன.

அச்சோலையில் அப்போது யசோமதி மன்னன் தேவியுடன் இருந்தான். அவன் யசோதரனின் மகன். ஒலி வந்த திசை நோக்கிக் காணாமலே எய்யும் தன் வில்திறத்தைத் தேவிக்குக் காட்ட விரும்பி அம்பு தொடுத்தான். பறவைகள் வீழ்ந்தன. அவன் கொன்றது தன் தந்தையையும் பாட்டியையும்.

அம்மன்னனுக்குப் பசி இல்லை, பகை இல்லை, அப்பறவைகளால் ஒரு கேடும் இல்லை. திறமையைக் காட்டல் ஒன்றே நோக்கம். மானம் என்னும் கஷாயம் நாணேற்றியது. அப்பறவைகள் அவன் தேவியின் வயிற்றிலேயே அபயருசி, அபயமதி என்னும் மக்களாய்ப் பிறந்தன என்று காவியம் தொடர்கிறது. தன் அம்பால் தந்தையைக் கொன்றவன், தந்தையையே மகனாகத் தோளில் சுமந்தான். பிறவிச் சுழலில் எவ்வுயிர் நமக்கு எவ்வுறவாய் இருந்தது என்பதை நாம் அறியோம். தோட்டக்காரர் சுட்ட புறா அவருக்கு யார் என்பதை அவரும் அறியார். அத்தோட்டக்காரர் நமக்கு யாராய் இருந்தார் என்பதையும் நாம் அறியோம். கதையின் இவ்விரண்டாம் பாடத்தை நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம்.

நிலம் எவருடையது?

"என் நிலம், என் உரிமை" என்பது அத்தோட்டக்காரரின் வாதம். புறப் பரிக்கிரகங்கள் பத்து என எண்ணிய நம் ஆசாரியர்கள் அவற்றுள் நிலத்தை முதலில் வைத்தனர். நிலம் உடைமை. உடைமைக்கு அளவு வகுத்துக்கொள்ளலாம். ஆனால் உயிர் எவருடைய உடைமையும் அன்று. பட்டாவில் புல எண் உண்டு, பரப்பு உண்டு, தீர்வை உண்டு. அந்நிலத்தின் மேல் பறக்கும் கொக்கின் பெயர் எந்தப் பட்டாவிலும் இல்லை. கொக்கு காலையில் நம் ஏரியில் மேய்ந்து, நண்பகலில் அவர் வயலில் நின்று, மாலையில் மற்றொருவர் புளிய மரத்தில் அடைகிறது.

நாட்டுச் சட்டமும் இதனையே சொல்கிறது. 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில், அதன் அட்டவணைகளில் உள்ள விலங்குகளையும் பறவைகளையும் வேட்டையாடுதல் குற்றம். கொல்வது மட்டுமன்றிக் கொல்ல முயல்வதும், கூட்டையும் முட்டையையும் சிதைப்பதும் வேட்டை என்னும் சொல்லுள் அடங்கும். நிலம் தம்முடையது என்பது இதற்கு விலக்காகாது. மயில் முதல் அட்டவணையில் உள்ளது. தோட்டக்காரரைக் கட்டுப்படுத்தும் இச்சட்டம், பயிரை மேயும் மயிலுக்கு நஞ்சு வைக்க நினைக்கும் நம் குடியானவரையும் கட்டுப்படுத்தும் என்பதை மறவற்க.

சட்டத்திற்கு முன்பே இதனை உணர்ந்த ஊர் ஒன்று வந்தவாசிக்குக் கிழக்கே, மதுராந்தகம் வட்டாரத்தில் இருக்கிறது. வேடந்தாங்கல் என்னும் அப்பெயருக்கு வேடர் தங்கிய இடம் என்று பொருள் சொல்வர். 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலச் சிப்பாய்கள் அவ்வேரிப் பறவைகளைச் சுட்டனர். ஊரார் திரண்டு சென்று, அப்போது செங்கற்பட்டு ஆட்சித் தலைவராயிருந்த லயனல் பிளேஸ் என்பவரிடம் முறையிட்டனர். 1798-இல் பறவைகளைக் காக்கும் உரிமையை ஊராருக்கு அளிக்கும் கௌல் ஒன்றை அவர் வழங்கினார். 1858-இல் அது புதுப்பிக்கப்பட்டது. 2022-இல் வேடந்தாங்கல் பன்னாட்டுச் சிறப்புடைய ராம்சர் நீர்நிலைகளுள் ஒன்றாக அறிவிக்கப்பட்டது. பறவை எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரமாவதை அவ்வூரார் அறிந்திருந்தனர். எனவே அவர்களுக்குப் பயனும் இருந்தது. ஆனால் துப்பாக்கி ஏந்தியவர்கள் அன்று நாட்டை ஆள வந்தவர்கள், ஊராரோ உழவர்கள். அவர்கள் தடியெடுத்திருந்தால் அழிந்திருப்பர். வாளாவிருந்திருந்தால் பறவைகள் அழிந்திருக்கும். முறையிட்டார்கள்; எழுத்தில் பெற்றார்கள்; தலைமுறைகளாகக் காத்தார்கள்.

சிவகங்கை மாவட்டத்துக் கொள்ளுக்குடிப்பட்டி மக்கள் வேட்டங்குடிப் பறவைகள் அஞ்சுமே என்று தீபாவளிக்கும் வெடி வெடிப்பதில்லை. பிறரைத் தடுப்பதற்கு முன் தம் கையைத் தடுத்துக்கொண்டவர்கள் அவர்கள். அருணாசலப் பிரதேசத்தில் வேட்டை வழிவழியாக வந்த பழக்கம். அங்கே 2021 மார்ச்சில் காற்றுத் துப்பாக்கிகளைத் தாமே முன்வந்து ஒப்படைக்கும் இயக்கம் தொடங்கியது. கிழக்குக் காமெங் மாவட்டத்து லும்டுங் என்னும் ஊரில் முதல் நாளன்று 46 துப்பாக்கிகள் ஒப்படைக்கப்பட்டன. பின்னர் அவ்வெண்ணிக்கை 2,000-ஐத் தாண்டியது. பிடுங்கியிருந்தால் ஒளித்திருப்பர், கேட்டதனால் கொடுத்தனர்.

நான்கு பாவனைகள்

விரதங்கள் நிலைபெறுதற்கு நான்கு பாவனைகளைத் தத்துவார்த்த சூத்திரம் வகுத்துள்ளது. எல்லா உயிரிடத்தும் நட்பு, குணவான்களிடத்து மகிழ்வு, துன்புறுவோரிடத்து இரக்கம், நெறி ஏற்காதாரிடத்து நடுநிலை. மைத்ரி, பிரமோதம், காருண்யம், மாத்யஸ்தம் என்பன இவை.

பக்கத்து நிலத்தில் துப்பாக்கி ஒலிக்கும்போது இந்நான்கையும் எங்கெங்கே வைப்பது? அடிபட்ட பறவையிடம் இரக்கத்தை வைப்போம், இது எளிது. ஊரில் இதனைத் தடுக்க முயலும் பிற சமயத்தாரிடம் மகிழ்வை வைப்போம். கொல்லாமை நம் குலச்சொத்து என்னும் செருக்கு இல்லாதிருந்தால் இதுவும் எளிது. சுடுகிறவரிடம் நட்பை வைப்பதுதான் அரிது. நட்பு என்றால் அவர் செயலுக்கு இசைதல் அன்று. அவர் உயிர் தீவினையிற் சிக்காதிருக்க வேண்டும் என்று விரும்புதல். எடுத்துச் சொல்லியும் ஏற்காவிடின் நடுநிலை. நடுநிலை என்றால் கைகட்டி நிற்பதும் அன்று. வனத்துறைக்கோ காவல் துறைக்கோ முறையிட வேண்டுமாயின் முறையிடலாம். பிற உயிரைக் காக்கும் கடமையில் இல்லறத்தானுக்கு அதற்கு இடமுண்டு. ஆனால் நடந்ததை நடந்தவாறு எழுதுக. ஒரு புறாவை மூன்றாக்கினால் சத்திய அணுவிரதம் போயிற்று. அவர் சிறை சென்றார் என்று கேட்டுக் களித்தால் அபத்தியானம் வந்துசேர்ந்தது.

வெகுளி முதலிய கஷாயங்கள் எழுவதே இம்சை, எழாமையே அகிம்சை என்று அமிர்தசந்திர ஆசாரியர் புருஷார்த்த சித்தியுபாயத்தில் தெளிவாக்கினார். வெகுண்டவன் பிறரைக் கொல்லும் முன்னரே தன் ஆன்மாவை வருத்திவிடுகிறான். ஆதலால் தோட்டக்காரரின் துப்பாக்கியை இறக்கச் செல்லும் நாம், நம் நெஞ்சில் மற்றொன்றை ஏந்திச் செல்லலாகாது.

காக்கை இறைச்சி

வேட்டுவனிடம் எவ்வாறு பேசுவது என்பதற்கு நம் புராணத்தில் ஒரு வழிகாட்டி உண்டு. விந்திய மலைக்காட்டில் கதிரசாரன் என்னும் வேடன் வாழ்ந்தான். சமாதிகுப்த முனிவரைக் கண்டு அவன் வணங்கினான். ஊனை விடுக என்றார் முனிவர். அது இயலாது என்றான் அவன். முனிவர் சினக்கவில்லை, சபிக்கவில்லை, திரும்பி நடக்கவும் இல்லை. "காக்கை இறைச்சியை நீ உண்டதுண்டா?" என்று வினவினார். "இல்லை" என்றான். "அவ்வாறாயின் அதனையாவது விடு" என்றார். அவன் ஏற்றான்.

பின்னொரு காலத்தில் அவன் நோயுற்றான். காக்கை இறைச்சியே மருந்து என்றனர் மருத்துவர். உற்றார் வற்புறுத்தினர். உயிர் போவதாயினும் விரதத்தை விடேன் என்று உறுதியாய் நின்று அவன் இறந்தான், தேவனாய்ப் பிறந்தான். அவ்வுயிரே பின்னர் மகத நாட்டில் சிரேணிக மன்னனாயிற்று.

ஆயினும் பழைய வாசனை எளிதில் நீங்கவில்லை. வேட்டைக்குச் சென்ற வழியில் தியானத்தில் இருந்த யசோதர முனிவரைக் கண்டு சிரேணிகன் நாய்களை ஏவினான். அவை அடங்கி நின்றன. சினம் மிகுந்து, செத்த பாம்பொன்றை முனிவர் கழுத்தில் இட்டுச் சென்றான். செய்தி அறிந்த சேலனா தேவி மன்னனையும் அழைத்துக்கொண்டு விரைந்து வந்து அதனை அகற்றினாள். முனிவர் கண் திறந்து இருவரையும் ஒன்றுபோல் வாழ்த்தினார். பாம்பை இட்டவனுக்கும் எடுத்தவளுக்கும் ஒரே வாழ்த்து. அவ்வாழ்த்தே மன்னனை மாற்றியது. அவன் பகவான் மகாவீரரின் சமவசரணத்தில் முதன்மையாய் வினவும் சிராவகன் ஆனான். முன் செய்த வினையால் நரகம் புக்கான். எனினும் வரும் உத்சர்ப்பிணியில் அவ்வுயிரே முதல் தீர்த்தங்கரராகும் என்று ஆகமம் கூறுகிறது.

சிராவகர்களே, இதனை ஆழ்ந்து எண்ணுங்கள். காட்டில் வில்லேந்திய வேடன், நாய்களை ஏவிய மன்னன், வருங்காலத் தீர்த்தங்கரர் மூவரும் ஒரே உயிர். அன்று சமாதிகுப்தர் அவ்வேடனை இழிந்தவன் என்று ஒதுக்கியிருந்தால்? சேலனா தேவி கணவனைப் பழித்துவிட்டு அரண்மனையிலேயே இருந்திருந்தால்? வேலிக்கு அப்பால் துப்பாக்கியுடன் நிற்பவர் எத்தகைய உயிர் என்பதை நாம் எதைக்கொண்டு முடிவு செய்வது?

முடிவுரை

இக்கதையை அம்மூதாட்டியாரிடம் சொன்னோம். அவர் மறுமொழி கூறவில்லை. முதலில் மகனை அழைத்து, ஆடியில் செய்ததற்குக் கழுவாயாகப் பிரதிக்கிரமணம் செய்யச் சொன்னார். அடைத்த மடையைத் திறக்கச் சொன்னார். பிடுங்கிய கல்லைப் பேரன்மார் கையாலேயே நடச் செய்தார். பின்னர் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், புதிதாய்ப் பறித்த கடலையை ஒரு முறத்தில் எடுத்துக்கொண்டு தனியே அத்தோட்ட வீட்டிற்குச் சென்றார்.

"தம்பி, உங்களைக் கூப்பிட்டுச் சுடச் சொன்னது என் பிள்ளை செய்த பிழை. அதற்கு மன்னிப்புக் கேட்க வந்தேன்" என்றார். அவர் எழுந்து நின்றார். "ஒன்று கேட்பேன், தருவீர்களா? நம் இரு நிலத்துக்கும் நடுவே புளிய மரம் ஒன்று நிற்கிறது. அதில் கொக்குகள் கூடு கட்டுகின்றன. அந்த ஒரு மரத்தை மட்டும் விட்டுவிடுங்கள்" என்றார்.

ஒரு மரந்தானே என்று அவர் இசைந்தார்.

அவர் அன்றே துப்பாக்கியை உடைத்தெறிந்தார் என்று எழுத நமக்கும் ஆசைதான். அவ்வாறு நிகழவில்லை. துப்பாக்கி இன்னும் அவர் வீட்டுச் சுவரில் இருக்கிறது. சில ஞாயிறுகளில் அதன் ஓசையும் கேட்கிறது. ஆனால் இரண்டு பருவங்களாக அப்புளிய மரத்தில் ஒரு ரவையும் பாயவில்லை. விருந்துக்கு வந்த நண்பர் ஒருவர் அம்மரத்தை நோக்கிக் குறிவைத்தபோது, "அது அம்மாவுக்குக் கொடுத்த மரம்" என்று அவரே தடுத்தாராம். அவர் பிள்ளைகள் கூடுகளை எண்ணுகின்றனராம். காக்கை இறைச்சி அளவான விரதம் ஒன்று அவ்வீட்டில் வேர் பிடித்திருக்கிறது. அது எப்போது எவ்வளவு வளரும் என்பது அவ்வுயிரின் பரிபாகத்தைப் பொறுத்தது. நம் அவசரத்தைப் பொறுத்ததன்று.

நம் இல்லங்களில் செய்யத்தக்கவை சில. கொல்லுங்கருவி எதனையும் விளையாட்டிற்கென்று வாங்காதிருப்போம். பிறர்க்கு வாங்கியும் தாராதிருப்போம். விதையைக் காக்கவும் பயிரைக் காக்கவும் பிறர் கையால் கொலை செய்விக்காதிருப்போம். காவலாளை வைத்து ஓட்டலாம், வலை கட்டலாம், தகரம் தட்டலாம். வயலில் கோல் நட்டுக் கரிச்சானுக்கு இருக்கை தந்தால் அது பூச்சியை உண்டு நமக்கு உதவும் என்பதை உழவர் அறிவர். பக்கத்து நிலத்தாரிடம் குறை சொல்லப் போகும்போது நம் குறையை முதலில் சொல்வோம். பெரிதாய்க் கேட்டு மறுக்கப்படுவதினும் சிறிதாய்க் கேட்டுப் பெறுவோம். சட்டத்தை நாட நேர்ந்தால் பகையின்றி நாடுவோம்.

நாள்தோறும் சாமாயிகத்தில் எல்லா உயிரிடமும் பொறை வேண்டுகிறோம். எல்லா உயிரையும் பொறுக்கிறோம் என்று சொல்கிறோம். அவ்வெல்லா உயிருள் வேலிக்கு அப்பால் இருக்கும் அண்டை வீட்டாரும் ஒருவர். அவரை மனத்தில் நிறுத்தி இன்று மாலை ஒருமுறை அதனைச் சொல்லிப் பாருங்கள். சொல்ல முடிந்தால், மூதாட்டியார் வினவிய உபவாசம் அன்று நிறைவுறும்.

அறம் வளர்க! எவ்வுயிரும் அச்சமின்றி வாழ்க!

ஜெய ஜினேந்திர!